விசுவமடுவிலிருந்து தினமும் 60 கிலோமீற்றர்: ஆல்ட்டோவா, பழைய மார்ச்சா?

ரீச்சர் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே யோசனையோடு இருக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். வீடு விசுவமடு. பள்ளிக்கூடம் முல்லைத்தீவுப் பக்கம், போய்வர 60 கிலோமீற்றர், கடைசித் துண்டு கிறவல் றோட்டு. மாதம் ஒருக்கா அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொண்டுபோகவேணும். கையில் 30 இலட்சம் இருக்கு. பார்த்து வைத்திருப்பது இரண்டு கார்: 2014 ஆல்ட்டோ 800 மனுவல், 1999 நிசான் மார்ச் ஓட்டோ கியர். எதை நம்பி ஓடலாம், மாதம் என்ன செலவு வரும் என்பதுதான் கேள்வி.

ஆல்ட்டோ எடுங்கோ. நீங்கள் பார்த்த அதே ஆல்ட்டோதானா என்பதை அதைச் சோதித்த பிறகுதான் சொல்லலாம். எப்படிச் சோதிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் 30 இலட்சத்தையும் காருக்கே கொடுக்கவேண்டாம். 27 இலட்சத்துக்குள் காரை முடித்து, மிச்ச மூன்று இலட்சத்தை முதல் வருசப் பராமரிப்புக்கென்று தனியாக வையுங்கோ. எங்கட பக்கத்தில் பழைய கார் வாங்கின சனம் நொந்துபோவது பெரும்பாலும் இதில்தான். கையிலிருந்த கடைசிக் காசையும் கொடுத்துக் காரை எடுத்திருப்பினம். மூன்றாம் மாதம் கிளச் போகும், பிறகு நகை அடகுக்குப் போகும். கார் மோசமானது என்று ஊரெல்லாம் கதை வரும். பத்து வருசம் ஓடின காரில் கிளச் தேய்வது குற்றமில்லை. அதுக்குக் காசு ஒதுக்காததுதான் பிழை.

இப்ப பெற்றோல் கணக்கு. பள்ளி நாள் மாதம் 22 என்றால் 1,320 கிலோமீற்றர். கிளினிக், சந்தை, கோயில், கலியாணவீடு எல்லாம் சேர்த்து 1,500 என்று எடுப்போம். ஆல்ட்டோ 800 இந்தியாவில் 2012இல் வந்தபோது லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர் என்று விளம்பரம் செய்தார்கள். அது பரிசோதனைக் கூடத்துக் கணக்கு. பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 றோட்டில் ஏசி போட்டு, 60, 70 வேகத்தில், இரண்டு மூன்று பேரோடு போனால் 17 எதிர்பாருங்கோ. காலை அழுத்தாமல் ஓடுகிற ஆளுக்கு 19 வரலாம். பெற்றோல் விலை மாதாமாதம் திருத்தப்படுவதால் கணக்குக்கு 92 ஒக்ரேன் 300 ரூபாய் என்று வைப்போம். 1,500 கிலோமீற்றருக்கு 88 லீற்றர், ஏறக்குறைய 26,500 ரூபாய்.

அதே தூரத்துக்கு 25 வருசம் கடந்த ஓட்டோ மார்ச் லீற்றருக்கு 12 தந்தாலே சந்தோசப்படவேணும். 125 லீற்றர், 37,500 ரூபாய். மாதத்துக்கு 11,000 ரூபாய் வித்தியாசம். வருசத்துக்கு ஒரு இலட்சத்து முப்பதினாயிரம் வரும். மார்ச்சை இரண்டு மூன்று இலட்சம் குறைத்துத் தருகிறோம் என்று சொன்னாலும், இரண்டரை வருசத்துக்குள் அந்த இலாபம் பெற்றோல் ஷெட்டில் போய்விடும்.

2022ஐ நினைத்துப் பாருங்கோ. அந்த வருசம் ஜூனில் 92 ஒக்ரேன் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். உங்களுக்குப் பள்ளிக்கு மட்டும் வாரம் 300 கிலோமீற்றர் ஓடவேணும். 20 லீற்றரில் ஆல்ட்டோ 340 போகும். மார்ச் 240இல் நின்றுவிடும், வியாழக்கிழமை வீடு வந்து சேர்கிறபோது ராங்கி காலி. அப்படி ஒரு காலம் திரும்ப வரக்கூடாது. வந்தாலும் வேலைக்குப் போகக்கூடிய கார் எது என்று யோசிப்பது எங்கட மாவட்டங்களில் பஸ்ஸை நம்பமுடியாத ஊரில் இருக்கிற ஆளுக்கு அவசியம்.

இன்னொன்று. இப்ப ஓடுகிற ஸ்கூட்டியை விற்கவேண்டாம். அதே 1,500 கிலோமீற்றரை ஸ்கூட்டி பத்தாயிரம் ரூபாய் பெற்றோலில் முடிக்கும். மாசி தொடங்கி புரட்டாதி வரை, நீங்கள் தனியப் போகிற நாளில், வெயில் ஏறமுதல் ஸ்கூட்டியில் போய்ச் சேரலாம். காரை மழைக்கும், அம்மாவுக்கும், பிந்தி வருகிற நாளுக்கும் வைத்தால் காரும் நீளக் காலம் இருக்கும், மாதச் செலவும் குறையும்.

மார்ச்சை நான் குறைத்துக் கதைக்கவில்லை. கே11 என்கிற அந்த மொடல் 1992இல் யப்பானில் வந்தது, 1993இல் ஐரோப்பாவில் அந்த வருசத்தின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. எஞ்சினுக்கு ரைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி). ஒயில் ஒழுங்காக மாற்றினால் எஞ்சின் சாகாது. சிக்கல் கியர்பெட்டியில். ஓட்டோ மார்ச் சிலதில் மின்காந்தக் கிளச் வைத்த பழைய சிவிரி கியர்பெட்டி (பல்லுச் சில்லுக்குப் பதிலாகப் பெல்ற்றால் வேகம் மாற்றுகிறது) இருக்கு. அது புறப்படும்போது உதறத் தொடங்கினால், அதைத் திறந்து சரிசெய்கிற கை வேகத்தில் கிடைக்காது. கொழும்பிலிருந்து பழைய கியர்பெட்டி இறக்கிப் பூட்டுகிறதுதான் வழக்கம். இறக்கின பெட்டியும் அதே வயதுதான். அதோடு, 25 வருசத்தில் ஹோஸ் ரப்பர், வயர்த் தோல், பிளாஸ்டிக் பிளக்குகள் எல்லாம் காய்ந்து வெடிக்கும். ஒன்றை மாற்ற அடுத்தது போகும். அம்மா பின்சீற்றில் இருக்க, விசுவமடுவுக்கும் தருமபுரத்துக்கும் இடையில் கார் நிற்பதைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன்.

ஆல்ட்டோவின் பலம் அதன் எளிமை. 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 குதிரைவலு. 1983இல் இந்தியாவில் மாருதி 800 வந்த நாளிலிருந்து இந்த அளவு எஞ்சினை அந்தக் கொம்பனி திருத்தித் திருத்திப் போட்டுக்கொண்டு வந்தது. அதால் முள்ளியவளையில் இருக்கிற சின்னக் கராச்சில் வேலை பழகுகிற பொடியனுக்கும் இது தெரியும். பிளக், பில்டர், பிரேக் சூ, கிளச் பிளேற் எல்லாம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடையில் எடுக்கலாம். இல்லாததைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குச் சொன்னால் இரவு பஸ்ஸில் பார்சல் வரும். வன்னியில் ஒரு காரின் நம்பகத்தன்மையை நான் இதால்தான் அளப்பேன்: பழுதாகுமா என்பதைவிட, பழுதானால் எத்தனை நாளில் திரும்ப றோட்டில் ஏறும்?

அதன் பலவீனத்தையும் தெரிந்து வாங்குங்கோ. ஆல்ட்டோ 800இன் எஞ்சினில் ரைமிங் பெல்ற். அது ரப்பர், கிலோமீற்றராலும் பழுதாகும், வயதாலும் பழுதாகும். மாற்றின பில் கையில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வாங்கின கிழமையே பெல்ற்றையும் அதை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனரையும் மாற்றுங்கோ. தண்ணிப் பம்ப் அந்த இடத்தில்தான் இருக்கு, அதையும் அதே கூலியோடு பார்க்கலாம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்தால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கார் முழுக்க நடுங்கும். பெரிய வருத்தம் இல்லை, சின்னச் செலவு. ஏசி வன்னி வைகாசி வெயிலுக்குப் போதாது. கதவுத் தகடு மெல்லிசு. ஏறத்தாழ இதே விலைக்கு ஆல்ட்டோ கே10 ஒன்று நல்ல நிலையில் மாட்டினால் அதை முதல் பாருங்கோ: 998 சிசி, ரைமிங் செயின், நாலு பேரோடு ஏசி போட்டாலும் மூச்சு வாங்காது. விலை கூடத்தான் சொல்லுவினம்.

இனி எங்கட மண்ணுக்குரிய விசயங்கள். எழுதினதில் இதை மட்டுமாவது ஒருக்கா ஆறுதலாக வாசியுங்கோ.

முதலாவது தண்ணி. வன்னிக் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணியை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே வெள்ளைப் படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சின் தலைக்குள்ளும் கட்டும். முதலில் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஓடும்போது சூடு காட்டுகிற ஊசி மேலே ஏறும். ஏறினதைக் கவனிக்காமல் ஓடினால் எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கிற அடைப்புத் தகடு (ஹெட் கஸ்கற்) போகும், தலையும் (ஹெட்) வளையும். அந்த ஒரு வேலை இரண்டு வருச ஒயில் செலவைத் தின்றுவிடும். கலந்து விற்கிற கூலன்ற் மட்டும் ஊற்றுங்கோ. அவசரத்துக்கு மழைத்தண்ணி கிணற்றுத் தண்ணியைவிட நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கு. கார் சூடாகுது என்று கராச்சுக்குப் போனால் சில மெக்கானிக்மார், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ற்றைத் திறந்து மூடி விடுகிற தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றாடியையும் நேரே வயர் கொடுத்து எந்நேரமும் சுற்ற விடுவினம். சூடு இறங்கும், வாடிக்கையாளருக்கும் சந்தோசம். ஆனால் எஞ்சின் இருக்கவேண்டிய சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கு என்று நினைத்துக் காரின் கம்பியூற்றர் பெற்றோலைக் கூட ஊற்றும். கரி கட்டும், ஒயில் கெதியாகக் கெடும், லீற்றருக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் குறையும். வாங்கப் போகிற காரை ஸ்ரார்ற் பண்ணின உடனே காற்றாடி சுற்றினால், ஏசியும் போடாமல் இருந்தால், ஏன் என்று கேளுங்கோ.

இரண்டாவது கிறவல். ஆல்ட்டோவுக்கு 12 அங்குலச் சில்லு, 145/80 அளவு ரயர், தரையிலிருந்து 160 மில்லிமீற்றர் உயரம். சின்னச் சில்லு குழிக்குள் முழுசாக இறங்கி எழும்பும், அந்த அடி முழுக்கச் சில்லைத் தாங்குகிற லோவர் ஆம் புஸ், ரை றொட், ஷொக் எல்லாத்துக்கும் போகும். அந்தக் கடைசித் துண்டில் 20 வேகத்தைத் தாண்டவேண்டாம். ஐந்து நிமிசம் முந்தி வெளிக்கிட்டால் வருசத்தில் ஒரு செற் புஸ் மிச்சம். எயர் பில்டரைப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முதலே மாற்றுங்கோ. கோடையில் ஒவ்வொரு ஒயில் சேர்விஸிலும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கோ. முன் அச்சின் ரப்பர் உறை கிழிந்தால் செம்மண் தூள் உள்ளே போய், திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். உறை மட்டும் கிழிந்த நேரம் பிடித்தால் சில ஆயிரத்தோடு போகும், சத்தம் வந்த பிறகு முழு அச்சு. மாசி, பங்குனியில் றோட்டில் நெல்லும் வைக்கோலும் பரவியிருக்கும். அதன் மேல் ஏற்றி ஓடினால் இறங்கிக் கீழே பாருங்கோ. வைக்கோல் அச்சில் சுற்றும், சைலன்சர் சூட்டில் கருகும்.

மூன்றாவது வெள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணி ஓடுகிற பாலத்தில் ஆல்ட்டோ போன்ற சின்னக் காரை இறக்கவே வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றுப் போகிற வழியால் தண்ணி போனால், பிஸ்ரன் தண்ணியை நசுக்க முடியாமல் அதைத் தள்ளுகிற தண்டு (கொன்றொட்) வளையும். நடுத் தண்ணியில் கார் நின்றால் திரும்பத் திரும்ப ஸ்ரார்ற் பண்ணாதீங்கோ. தள்ளி வெளியே எடுத்து, பிளக்குகளைக் கழற்றித் தண்ணியை வெளியேற்றிய பிறகுதான் சாவி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணிக்குள் நின்ற கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரத்தான் செய்யும். வெளி மாவட்டத்திலிருந்து நல்ல விலைக்கு ஒரு கார் வந்தால் சீற்பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கோ. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். கார்ப்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கோ. ஸ்ரெப்னி வைக்கிற குழிக்குள் விரலை விட்டால் நொய்மணல் வருகுதா? பியூஸ் பெட்டியில் செம்புக் கம்பிகள் பச்சை பிடித்திருக்கா? இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். எஞ்சின் நல்லாக ஓடும், ஆறு மாதத்துக்குப் பிறகு வயர்கள் ஒவ்வொன்றாகப் போகும், அதைக் கண்டுபிடித்து முடிக்கேலாது.

பெற்றோலை ஷெட்டில் மட்டும் அடியுங்கோ. ஊர்க் கடைகளில் போத்தலில் தொங்குகிறதுக்குள் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னி முழுக்க மண்ணெண்ணெயில்தானே ஓடினது என்று வயதான ஆக்கள் சொல்லுவினம், உண்மைதான். துளி பெற்றோலில் ஸ்ரார்ற் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிளும் ஓட வைத்த மெக்கானிக்மார் எங்கட ஆக்கள், அந்தக் கைகளுக்கு என்றைக்கும் என் மரியாதை இருக்கு. அவை காபரேற்றர் எஞ்சின்கள், அமுக்கமும் குறைவு. இன்றைய இன்ஜெக்ரரும் ஒட்சிசன் சென்சரும் அதைத் தாங்காது. 95 ஒக்ரேனும் தேவையில்லை. இந்த எஞ்சினுக்கு 92 போதும்.

இனிக் காரைப் பார்க்கப் போகும்போது. காலையில், எஞ்சின் குளிராக இருக்கும்போது போங்கோ. வர முதல் ஸ்ரார்ற் பண்ணி வைக்கவேண்டாம் என்று முன்னமே சொல்லுங்கோ. பொனற்றில் கை வைத்துப் பாருங்கோ, சூடாக இருந்தால் ஏதோ காரணத்தோடுதான் சூடாக்கியிருப்பார்கள். ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் பச்சையோ சிவப்போ கூலன்ற் தெரியவேணும். துருப்பிடித்த செங்கல் நிறத் தண்ணி என்றால் கூலன்ற் இல்லாமல் வெறும் தண்ணியில் ஓடியிருக்கு, நான் மேலே சொன்ன கிணற்றுக் கதைதான். ஒயில் மூடியின் உள்பக்கம் வெள்ளைக் களி இருந்தால் ஒயிலோடு தண்ணி கலந்திருக்கு என்று சந்தேகப்படுங்கோ. ஸ்ரார்ற் பண்ணி அக்சிலேற்றரை மிதித்து விட்டால் நீலப் புகை வருகுதா என்று பின்னால் ஒருவரை நிற்க வையுங்கோ. வன்னியில் ஏற்றம் இல்லை, அதால் கிளச்சை இப்படிப் பாருங்கோ: ஹாண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாம் கியர் போட்டு, கிளச்சை மெல்ல விட்டால் எஞ்சின் உடனே நிற்கவேணும். நிற்காமல் இரைந்துகொண்டிருந்தால் பிளேற் முடிந்தது, அந்தக் காசை விலையில் குறையுங்கோ.

மீற்றரை நம்பவேண்டாம். 2014 கார் 55,000 ஓடியிருக்கு என்று மீற்றர் காட்டினால் பிரேக் மிதிக்கிற ரப்பரையும் ஸ்ரீயறிங் தோலையும் பாருங்கோ. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை செய்தது. மீற்றர் சொல்கிற தூரத்தோடு ரயரின் வயதும் தேய்மானமும் பொருந்துதா என்று பாருங்கோ. கடற்கரையோரம் நின்ற கார் என்றால், முல்லைத்தீவோ மன்னாரோ, கதவுக்குக் கீழ் விளிம்பையும் முன் ஷொக் ஏறி நிற்கிற தகட்டையும் ரோச் அடித்துப் பாருங்கோ. உப்புக் காற்று அங்கேதான் முதலில் தின்னும். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விற்கிற ஆள் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம், நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிப்போகிற ஆள் வேணும்.

பாதுகாப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேணும். 2014 ஜனவரியில் குளோபல் என்கப் அமைப்பு எயர்பாக் இல்லாத ஆல்ட்டோ 800ஐ 64 வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 1990களின் மார்ச்சும் இன்றைய கார்களின் பாதுகாப்புக்குக் கிட்ட வராது. உங்கட காசுக்குக் கிடைக்கிற கார்கள் இப்படித்தான், அதால் ஓட்டுகிற விதத்தில்தான் பாதுகாப்பைத் தேடவேணும். ஏ9இல் ஏறினால் கொழும்பு பஸ்ஸோடு போட்டி வேண்டாம். பின்சீற்றில் அம்மாவும் பெல்ற் போடவேணும். பொழுதுபட்ட பிறகு ஏ35இல் மாடு படுத்திருக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் ஏறும். லைற் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் தேய்த்து மினுக்கி, நல்ல பல்ப் போட்டு, 50க்குள் வாங்கோ.

மாதச் செலவுக்கு வருகிறேன். பெற்றோல் 26,500. அதுக்கு மேல் மாதம் 15,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கோ. நீங்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு மூன்றரை மாதத்துக்குள் 5,000 கிலோமீற்றர் வந்துவிடும். ஒவ்வொரு 5,000க்கும் ஒயிலும் ஒயில் பில்டரும். இந்த எஞ்சினுக்கு மூன்று லீற்றருக்குள்தான் ஒயில் பிடிக்கும், அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம். பற்றறி எங்கட வெயிலில் இரண்டு மூன்று வருசம். ரயர் நாலும் இரண்டு வருசத்துக்கு ஒருக்கா. இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, பிரதேச செயலகத்தில் வருசா வருசம் எடுக்கிற வரிப்பத்திரம் எல்லாம் இதே கணக்கிலிருந்து போகும். இன்சூரன்ஸ் ஃபுல் ஆக எடுங்கோ. மூன்றாம் ஆள் இன்சூரன்ஸ் மலிவுதான், ஆனால் இரவில் மாட்டோடு மோதினால் உங்கட காருக்கு ஒரு சதமும் வராது.

பத்திரத்தில் இரண்டு விசயம். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் உரிமையாளராகக் கிடந்தால், அது நீங்கின பிறகுதான் முழுக் காசும். ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் முந்தின ஆளின் கையெழுத்துப் பத்திரத்தை மட்டும் வைத்து, கார் வாங்கவேண்டாம். புத்தகத்தில் பெயர் இருக்கிற ஆளே வந்து கையெழுத்து வைக்கவேணும், அடையாள அட்டையோடு. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றதால் பழைய கார்கள் கை மாறிக் கை மாறி வந்திருக்கு. சிலதில் நாலைந்து ஆள் பெயர் மாற்றாமலே ஓடியிருப்பினம். சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கோ.

நீங்கள் பார்த்த ஆல்ட்டோவின் ரேடியேற்றர் தண்ணி என்ன நிறம், ரயரின் நாலு இலக்கம் என்ன, ரைமிங் பெல்ற் மாற்றின பில் இருக்கா, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கோ ரீச்சர். விலை எவ்வளவு குறைக்கக் கேட்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.